மாடிக் கம்பியும் டிங் சத்தமும்

குழு: கூட்டாஞ்சோறு
ஞாயிறு

மாலை 5.12
பெரிய மாமா: மாப்பிள்ளை, உன் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ ஓடுகிறதா?

நான்: ஓடுகிறது மாமா. எப்படித் தெரிந்தது?

பெரிய மாமா: 14.074 மெகாஹெர்ட்ஸில் நடுநடுவே ‘டிங்’ என்று ஒரு சத்தம். வெளிநாட்டுக்காரன் இவ்வளவு பலமாக என் வீட்டில் கேட்க மாட்டான். பக்கத்துத் தெரு ஆள் மாதிரி இருக்கிறது.

சித்தி: அனைவருக்கும் இனிய மாலை வணக்கம் 🌹🙏

பெரிய மாமா: இதோ இப்போதும் அடித்தது!

நான்: மாமா... கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்கிறேன்.

பெரிய மாமா: அதானே பார்த்தேன். உன் சித்தியின் மாலை வணக்கம் 20 வாட்டில் ஊர் உலகமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

சித்தி: ஐயோ, என் ரோஜாப்பூவா?

பெரிய மாமா: பூ போகாதும்மா, டிங் மட்டும்தான். எஃப்.டி.8 என்கிற முறையில் கணினி எழுத்தை விசில் சத்தமாக மாற்றுகிறது. அந்தச் சத்தம் ஒரு ஒயர் வழியாக ரேடியோவுக்குள் போகிறது. ரேடியோவுக்கு எது செய்தி, எது உன் வணக்கம் என்று தெரியாது. உள்ளே வந்ததை அனுப்பிவிடும்.

பெரிய மாமா: மாப்பிள்ளை, வாக்ஸ் போட்டிருக்கிறாயா?

நான்: ஆமாம். சத்தம் வந்தால் தானாகவே அனுப்பத் தொடங்கும் என்று வசதிக்காகப் போட்டேன்.

பெரிய மாமா: அந்த வசதிதான் வினை. அதை நிறுத்து. கேபிள் வழியாக மென்பொருளே அனுப்பும் பட்டனை அழுத்தட்டும். கணினியின் மற்ற சத்தமெல்லாம் அதன் சொந்த ஸ்பீக்கருக்குப் போகிற மாதிரி மாற்று. ரேடியோவுக்குப் போகிற சவுண்ட் கார்டை மென்பொருளுக்கு மட்டும் விட்டுவிடு. நானும் தொடக்கத்தில் இப்படி ஒரு சினிமாப் பாட்டையே அனுப்பியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

அப்பா: குழுவில் சொல்லிவிட்டு யாரிடமும் சொல்லாதே என்கிறீர்களே மச்சான் 😀

மாலை 5.31
அம்மா: இதற்குத்தான் மாடியில் கம்பி கட்டினானா? நேற்று அதில்தான் அண்ணா நான் துணி காயப்போட்டேன்.

பெரிய மாமா: இனிமேல் போடாதே. அது கொடி இல்லை, ஆன்டெனா. அவன் அனுப்பும்போது கம்பியின் இரண்டு முனையிலும்தான் வோல்டேஜ் அதிகம். கை பட்டால் சுடும். மாப்பிள்ளை, முனைகளை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிக் கட்டு.

நான்: சரி மாமா. நாளைக்கே செய்கிறேன். அதுவரை மாடிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

நான்: இன்னொரு சிக்கல். திரையில் அருவி மாதிரி கோடு கோடாக இறங்குகிறது. காதிலும் பாம்பாட்டி மகுடி மாதிரி கேட்கிறது. ஆனால் ஒரு வரிகூட டிகோட் ஆகவில்லை. இரண்டு நாளாக ஆன்டெனாவைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறேன்.

பெரிய மாமா: கணினியில் மணி என்ன?

நான்: 5.34.

பெரிய மாமா: விநாடி சொல். கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்.

நான்: கணினி 3 விநாடி பின்னால் இருக்கிறது.

பெரிய மாமா: ஆன்டெனாவை விடு. எஃப்.டி.8இல் எல்லாரும் 15 விநாடிக்கு ஒரு முறை சேர்ந்து தொடங்குவார்கள். 0, 15, 30, 45. ஒருவன் பாடுவான், மற்றவன் கேட்பான், அடுத்த 15இல் மாறும். கடிகாரம் ஒரு விநாடிக்கு மேல் தப்பினாலே பிடிப்பது சந்தேகம். உன்னுடையது 3 தப்பு. இணையத்தில் நேரத்தைச் சரிசெய்.

மாலை 5.41
நான்: மாமா!!! கொட்டுகிறது. ஜப்பான், இந்தோனேசியா, ரஷ்யா. ஒருவன் இரைச்சலோடு ஒப்பிட்டால் மைனஸ் 19 டெசிபலில்கூட வருகிறான். எனக்குக் காதில் ஒன்றுமே கேட்கவில்லை.

பெரிய மாமா: கேட்காது. இரைச்சலுக்கு அடியில் இருக்கிறதைத் தோண்டி எடுக்கிற வேலை அது. ஸ்டீவ் ஃபிராங்கும், 1993இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் 2017இல் வெளியிட்டது இந்த எஃப்.டி.8. எஃப் ஃபிராங்க், டி டெய்லர், 8 என்பது எட்டு ஸ்வரம். நம் ஸ்வரம் மாதிரி தள்ளித் தள்ளி இருக்காது, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 6.25 ஹெர்ட்ஸ்தான். ஒரு ஆள் மொத்தமே 50 ஹெர்ட்ஸ் இடத்தில் அடங்கிவிடுவான். அதனால்தான் ஒரே அலைவரிசையில் அத்தனை பேர் உட்கார முடிகிறது.

நான்: அப்படியென்றால் சத்தத்தைக் கூட்டி அனுப்பட்டுமா?

பெரிய மாமா: கூடவே கூடாது. புதுசாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. உள்ளே வரும் சத்தம் அதிகமானால் காட்டுகிற ஏ.எல்.சி. முள் அசையாமல் நிற்கிற வரைக்கும் சத்தத்தைக் குறை. கூடினால் உன் 50 ஹெர்ட்ஸ் கிழிந்து பக்கத்து இலையில் குழம்பு ஓடும். அப்புறம் ரேடியோ ஒவ்வொரு முறையும் 12.64 விநாடி இடைவிடாமல் முழு பவரில் பாடுகிறது, பேச்சு மாதிரி ஏறி இறங்காது. 100 வாட் ரேடியோவில் 20, 25 போதும். பின்பக்கம் தொட்டுப் பார், சூடாக இருந்தால் ஓய்வு கொடு.

மாலை 6.08
நான்: டோக்கியோ கிடைத்துவிட்டது!!! 20 வாட்டில். 6000 கிலோமீட்டருக்கு மேல். நான் எம்.ஜே.99 என்று உலக வரைபடத்தில் மதுரை இருக்கிற கட்டத்தின் எண்ணைக் கொடுத்தேன், அவர் பி.எம்.95 கொடுத்தார். சிக்னல் எவ்வளவு பலமாக வந்தது என்று நான் மைனஸ் 11 என்றேன், அவர் மைனஸ் 16 என்றார். வாழ்த்துக் குறியான 73 போட்டு முடித்துக்கொண்டோம்.

அம்மா: அப்புறம் என்ன பேசினார்?

நான்: அவ்வளவுதான் அம்மா.

அம்மா: அவ்வளவுதானா? ஊர், பேர், பிள்ளைகுட்டி எதுவும் கேட்க மாட்டீர்களா?

அப்பா: வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் போகிறதே. இதற்கா இவ்வளவு?

பெரிய மாமா: மச்சான், 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அம்மாவும் சில ஹாம் ரேடியோக்காரர்களும் அந்தமானின் போர்ட் பிளேரில் ரேடியோவோடு இருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி போன பிறகு, அவர்கள் ரேடியோ வழியாகத்தான் பலரின் தகவல் வெளியே போனது. ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், அங்கே எஃப்.டி.8 உதவியிருக்காது. அதில் நாமாக எழுதினால் 13 எழுத்துதான் போகும். ஆபத்துக் காலத்தில் பேச்சும், மின்னஞ்சல் அனுப்பும் வின்லிங்க்கும்தான் சரி. இவன் இதில் பழகட்டும், அதற்கு அப்புறம் சொல்லிக்கொடுக்கிறேன்.

சித்தி: ரகசியமாக ஏதாவது அனுப்பலாமா அண்ணா?

பெரிய மாமா: ஹாம் ரேடியோவில் ரகசியக் குறியீட்டுக்கு இடமில்லை, வியாபாரத்துக்கும் இடமில்லை. நீ உன் சேலை விற்பனையை இங்கேயே வைத்துக்கொள்.

மாலை 6.20
பெரிய மாமா: மாப்பிள்ளை, கூட்டம் இல்லாத ஓரமாக 2400 ஹெர்ட்ஸில் கேள். அம்மாவையும் பக்கத்தில் கூப்பிடு.

நான்: வந்துவிட்டது மாமா. ஆங்கில எழுத்தில் ‘சாப்டாச்சா’.

அம்மா: அட! ஆச்சு என்று அனுப்புடா.

நான்: இரு அம்மா, இன்னும் 9 விநாடி இருக்கிறது.