தாத்தாவின் நிழல் வடக்கே, நம் நிழல் தெற்கே: வீட்டுப் படிப்பில் எங்கள் அனுபவம்

சாட்ஸ்வர்த், டர்பனிலிருந்து ஓர் அம்மா

வீட்டிலேயே படிக்க வைத்தால் எல்லாப் பாடமும் வருமா என்று கேட்டிருந்த சகோதரிக்கு. என் மகளுக்கு இப்போது 9 வயது. மூன்று வருடமாக வீட்டில்தான் படிப்பு. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் வருடப் பள்ளிச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி மாகாணக் கல்வித் துறையில் பதிந்திருக்கிறோம். நீங்களும் முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

முதல் வருடம் நான் சாப்பாட்டு மேசையைப் பள்ளிக்கூடமாக்கப் பார்த்தேன். மணி பார்த்துக் கணக்கு, மணி பார்த்து அறிவியல். தினமும் அவள் அழுதாள், நானும் சில நாள் அழுதேன். மாற்றம் வந்தது ஒரு பொங்கலன்று.

எங்கள் அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன்: இப்போது சூரியன் வடக்கே போகிறது, பகல் வளரும். பக்கத்து வீட்டு ஆயாவோடு தினம் சாயங்காலம் விளக்கு ஏற்றுவது அவள் வேலை. பொழுது சாயும் நேரத்தைக் காலண்டரில் குறித்து வைப்பாள். பிப்ரவரி கடைசியில் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, நீங்க சொன்னது தப்பு. பொங்கலுக்கு ஏழு மணிக்கு ஏத்துனோம். இப்ப ஆறரைக்கே இருட்டுது. பகல் குறையுது."

நான் திருநெல்வேலியில் படித்ததை டர்பனில் அப்படியே சொல்லியிருக்கிறேன்! இங்கே நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம். சூரியன் வடக்கே போனால் நம்மைவிட்டு விலகித்தான் போகும். ஆடியில் மாரியம்மனுக்கு ஆயா சோள மாவும் புளித்த பாலும் சேர்த்துக் கூழ் காய்ச்சும்போது நாமெல்லாம் ஸ்வெட்டர் போட்டிருப்பதும் அதனால்தான். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு பழைய துடைப்பக் கம்பை 1 மீட்டருக்கு வெட்டி முற்றத்தில் நட்டோம். ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி நண்பகலில் நிழலை அளப்பது அவள் பொறுப்பு. ஜூனில் 1 மீட்டர் 34 சென்டிமீட்டர். டிசம்பரில் வெறும் 11. எந்த மாதமும் நிழல் தெற்கேதான் விழுந்தது. டிசம்பரில் நெல்லையில் இருக்கும் தாத்தாவையும் ஒரு கம்பு நடச் சொன்னாள். அவர் 12.15 மணிக்கு அளந்து வீடியோ காலில் காட்டினார். 63 சென்டிமீட்டர், வடக்கே! கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படின்னா சூரியன் நமக்கும் தாத்தாவுக்கும் நடுவுல நிக்குது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாக்கியத்தை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் அதற்கு இந்த மதிப்பு வந்திருக்காது.

தமிழ்ப் பாடமும் அங்கேயே நடந்தது. அளவை விளக்கித் தாத்தாவுக்கு அவள் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். 'நிழல்' எல்லா இடத்திலும் 'நிளல்' ஆகியிருந்தது. தாத்தா ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினார்.

லெனேஷியா, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஓர் அப்பா

எங்கள் வீட்டில் கடை ரசீதுதான் கணக்குப் புத்தகம். மகனுக்கு 11 வயது. ஒருநாள் சோப்பு, பிஸ்கட், வெள்ளை ரொட்டி என்று சரியாக 115 ராண்டுக்குச் சாமான் எடுத்தோம். வாட் வரி 15 சதவீதம்தானே என்று அவன் மனதுக்குள் கணக்குப் போட்டு 17 ராண்ட் 25 சென்ட் என்றான். ரசீதில் 15 ராண்ட்தான் இருந்தது. கடைக்காரர் தப்பாகப் போட்டுவிட்டார் என்று திரும்ப உள்ளே போகக் கிளம்பினான். நான் விடை சொல்லவில்லை. கார் பானெட்டில் ரசீதை வைத்து, அதன் பின்பக்கத்திலேயே அரைமணி நேரம் எழுதிப் பார்த்தான். கடைசியில் அவனே பிடித்துவிட்டான்: 115 என்பது வரி சேர்ந்த விலை, வரிக்கு முன்னால் 100. சதவீதம் எதன்மேல் என்று கேட்க அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அடுத்த கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெள்ளை ரொட்டிக்கு வரி இருக்கிறதே, பிரவுன் ரொட்டிக்கு ஏன் இல்லை? ஏழை எளியவர்கள் வாங்கும் அத்தியாவசிய உணவுக்கு அரசாங்கம் வரியைப் பூஜ்யமாக வைத்திருக்கிறது என்று சொன்னேன். அரிசி, பருப்பு, காய்கறி, பால், முட்டை, சோள மாவு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவன் வீட்டு அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "நம்ம சாம்பார்ல புளிக்கும் மசாலாவுக்கும் வரி இருக்கு" என்று முடிவு சொன்னான். 2018ல் 14 சதவீதம் 15 ஆனதும் அன்றைய சாப்பாட்டு நேரப் பேச்சில் வந்தது. குடிமையியல் என்று தனியாக உட்கார வேண்டியிருக்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பாட்டி

என் பேத்திக்கு 6 வயது. பத்தில் இரண்டு போனால் எத்தனை என்றால் விழிப்பாள். சந்தையில் நாங்கள் கீரை வாங்கும் ஜூலு மொழி பேசும் அம்மா ஒருவர் அவள் கையைப் பிடித்து எண்ணச் சொல்லிக் கொடுத்தார். இடது சுண்டுவிரலில் தொடங்கி, இடது கட்டைவிரலில் ஐந்து. வலது கட்டைவிரல் ஆறு, 'இசிட்டூபா'. அந்தச் சொல்லுக்கே கட்டைவிரல் என்றுதான் பொருளாம். ஏழு 'இசிகோம்பீசா', சுட்டுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. நமக்கும் அது சுட்டுவிரல்தானே! எட்டுக்கு வந்ததும் குழந்தையின் இரண்டு விரலை மடக்கிப் பிடித்தார். எட்டு என்பதற்கு அவர்கள் சொல்லே 'இரண்டு விரலை விட்டுவிடு' என்பதாம். ஒன்பது, 'ஒன்றை விட்டுவிடு'.

வண்டியில் வீடு வரும்வரை விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்போது பத்தில் இரண்டு என்றால் விழிப்பதில்லை. அந்த அம்மாவுக்கு அடுத்த வாரம் முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மறுபடியும் சாட்ஸ்வர்த்திலிருந்து

பாட்டி, இதை நான் இத்தனை நாள் கேள்விப்பட்டதே இல்லை. மகளுக்கு இன்றைக்கே சொன்னேன்.

சகோதரி, ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். வாய்ப்பாடும் நீள வகுத்தலும் எழுத்துப்பிழையும் சமையலறையில் தானாகச் சரியாகவில்லை. தினம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் எதற்காக உட்காருகிறோம் என்று இப்போது அவளுக்குத் தெரியும், அழுவதில்லை.

லெனேஷியா அண்ணா, ஜூன் 21 அன்று 12.10 மணிக்கு நீங்களும் 1 மீட்டர் கம்பு நடுவீர்களா? உங்கள் ஊர் எங்களுக்கு வடக்கே இருப்பதால் நிழல் எங்களுடையதைவிடக் குட்டையாக வரும் என்று என் மகள் சொல்கிறாள். எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருக்கிறாள். உங்கள் மகனையே அளக்கச் சொல்லுங்கள்.