மலையக பஸ்ஸில் வெளிநாட்டுப் பயணிகள்: மனதில் நிற்கும் சம்பவத்தைப் பகிருங்கள்

ஹப்புத்தளை வாசி:
தம்பேத்தன்னைக்கு ஏறும் பகல் பஸ் எப்படி இருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனையைப் பார்க்கப் போகிறவர்களும் தோட்டத்து ஆட்களும் அதே பஸ்ஸில்தான். அன்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை முதுகில் பெரிய பையோடு ஏறினாள். கண்டக்டர் உடனே மூன்றாவது சீட்டில் இருந்த வயதான அம்மாவிடம், "அம்மா, எழும்புங்க, டூரிஸ்ட் இருக்கட்டும்" என்றார். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போய் வருகிறவர். கையில் கிளினிக் கொப்பி, மருந்துப் பை. ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிவிட்டார். அந்த ரோட்டின் வளைவுகளில் ஒற்றைக் கையால் நிற்க முடியுமா? மருந்துப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். நானும் நின்றுகொண்டுதான் போனேன், பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த ஹோல்டில் இறங்கத்தான் அந்த அம்மா எழும்பினார் என்று நினைத்திருப்பாள். ஆனால் பல்லில் தொங்கிய அந்தப் பை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மதுரைப் பயணி:
போன வருடம் நுவரெலியாவிலிருந்து சீதா எலிய அம்மன் கோயிலுக்கு வெலிமடை பஸ்ஸில் போனோம். ஆயிரம் ரூபாய் நோட்டு கொடுத்தேன். கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பாக்கித் தொகையைத்தான் அப்படி எழுதுவார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கோயில் வந்ததும் இறங்கினோம், பஸ்ஸும் கிளம்பிவிட்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண், "அந்த அக்காவுக்கு மிச்சம் குடுக்கல்ல!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டது வெளியே எங்களுக்கே கேட்டது. வளைவைத் தாண்டிப் போய் பஸ் நின்றது. நல்ல மழை. கண்டக்டர் நோட்டுகளைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடி வந்து, எண்ணிக் கையில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினார். நான் நன்றி சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. ஹப்புத்தளை அண்ணன் சொன்னதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. கண்டக்டர்கள் எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அட்டன்காரன்:
ஹப்புத்தளை வாசி, நீங்கள் சொல்வதை என்னால் முழுக்க ஏற்க முடியாது. விருந்தாளிக்கு இடம் கொடுப்பது நம் ஆட்களின் பழக்கம். கண்டக்டர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வயதான ஜப்பான்காரருக்கு எங்கள் பொடியன்கள் தாங்களாகவே சீட் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் நல்லதண்ணி வரைக்கும் ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துத் தலை குனிந்துகொண்டே வந்தார்.

வருகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை வராது. சாதாரண பஸ்ஸில் பை வைக்கத் தனி இடம் கிடையாது. டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் மூடியோரம் வைக்கக் கேளுங்கள், முதுகில் போட்டுக்கொண்டு நடுவில் நிற்காதீர்கள். முன் சீட் மதகுருமாருக்கு ஒதுக்கியது, காலியாக இருந்தாலும் பிக்கு ஒருவர் ஏறினால் எழும்பிவிட வேண்டும். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிவனொளிபாதமலைக்கு சீசன் டிசம்பர் போயா, அதாவது பௌர்ணமி நாளிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும். அப்போது அட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேரே பஸ் இருக்கும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் இறங்கி வேறு பஸ் எடுக்க வேண்டி வரும், ஆகவே பின்னேரத்தில் அட்டனில் வந்து நிற்காதீர்கள். ரயிலில் நுவரெலியா போகிறவர்கள் இறங்க வேண்டியது நானுஓயா, அங்கிருந்து டவுனுக்கு பஸ் உண்டு. ஸ்டேஷன் வாசலில் வேன்காரர் பஸ் இல்லை என்று சொன்னால் ரோட்டுக்கு நடந்து வந்து பாருங்கள். அப்புறம், தூர பஸ்ஸில் இரவில் மலை ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2025 மே மாதம் கொத்மலையில் கரண்டியெல்ல பள்ளத்தில் பஸ் விழுந்தது அதிகாலையில்தான். பகலில் போங்கள், பார்க்கவும் நிறைய இருக்கிறது.

ஹப்புத்தளை வாசி:
தம்பி, உங்கள் பொடியன்கள் தாங்களாகக் கொடுத்தார்கள். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, எழும்பச் சொன்னார்கள். அவருக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள் போன் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களை ஏன் எழுப்பவில்லை? கொழுந்து எடுக்கிற பொம்பளை மறுத்துப் பேச மாட்டாள் என்று கண்டக்டருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

பதுளை டீச்சர்:
ஹப்புத்தளை அண்ணன் பக்கம்தான் நான். பதுளையிலிருந்து துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போக ஒரு வெளிநாட்டுக்காரர் மஹியங்கனை ரோட்டு பஸ்ஸில் ஏறினார். கிட்டத்துத் தூரம், எங்களுக்கு என்ன காசு என்று பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். கண்டக்டர் அதைப்போலப் பல மடங்கு கேட்டார். மனிதர் பர்ஸை எடுத்தேவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, பத்தாம் வகுப்பு, எழும்பி நின்று ஆங்கிலத்தில் சரியான தொகையைச் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் திரும்பவும் சொன்னாள். நானும் பின்னாலிருந்து "பிள்ளை சொல்றது சரி" என்றேன். கண்டக்டர் சரியான காசை வாங்கிக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். வெளிநாட்டுக்காரர் சந்தோஷமாகக் கைகாட்டி இறங்கிப் போனார். அவர் ஊருக்குத் திரும்பியிருப்பார். இவள் தினமும் போக வேண்டியது அதே பஸ்ஸில். இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் அதில் ஏறாமல், அடுத்த பஸ் வரும்வரை ஸ்டாண்டில் தனியாக நிற்கிறாளாம். அவள் அம்மா வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அட்டன்காரன்:
டீச்சர், இதை விடக்கூடாது. 1955 என்ற பஸ் புகார் நம்பருக்கு போன் அடித்து பஸ் நம்பரைச் சொல்லுங்கள்.

பதுளை டீச்சர்:
1955 மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்களுக்கு. இது ஊவாவுக்குள்ளேயே ஓடுகிறது, மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையிடம்தான் போக வேண்டும். புகார் போனால் யாரால் வந்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும், அந்தப் பிள்ளையின் வீட்டாருக்கு அதுதான் பயம். அவர்கள் சம்மதம் இல்லாமல் நான் எழுத மாட்டேன். என் வீடு வேறு பக்கம் என்றாலும், திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு அதே பஸ்ஸில் போகப் போகிறேன். வேறு இரண்டு டீச்சர்மாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.