பிளாஸ்டிக் நாற்காலியில் அசோகமித்திரன்

எல்லோரும் நேரில் பார்த்த எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லும்போது நானும் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அசோகமித்திரனை நான் இரண்டே தடவைதான் அருகில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது அப்பா மூலமாக. 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்புக்கு 1996இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அடுத்து வந்த புத்தகக் காட்சியில் அப்பா அதை வாங்கி வந்தார். அப்போதெல்லாம் காட்சி அண்ணா சாலையில், காயிதே மில்லத் கல்லூரியில் நடக்கும். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அந்த விருது கிடைத்ததில் அப்பாவுக்கு அத்தனை சந்தோஷம். அதற்கு முன்னால் கு. அழகிரிசாமிக்கு 1970இலும் ஆதவனுக்கு 1987இலும் சிறுகதைக்காகக் கொடுத்தார்கள். இரண்டு பேருமே அதை வாங்க உயிரோடு இல்லை. தி. ஜானகிராமன் 1979இல் வாங்கினார், அதுவும் சிறுகதைகளுக்குத்தான். "அசோகமித்திரனாவது இருக்கும்போதே வாங்கினாரே" என்று அப்பா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை பார்த்தது அப்பாவோடுதான். அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கில் ஒரு புத்தக வெளியீடு. முன்னால் பேசியவர்கள் எல்லாம் மைக் தேவைப்படாத குரல்காரர்கள். கடைசியில் இவர் எழுந்தார். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி. செகந்திராபாத்தில் கழிந்த சிறுவயதைப் பற்றியே பேச்சு போனது. கொஞ்ச நேரத்தில் பின்வரிசை ஆட்கள் ஓசைப்படாமல் எழுந்து முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அப்பாவும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டார். ஒரு பேச்சாளருக்காக ஜனங்கள் அப்படி நகர்ந்து வந்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது தடவை 2009 ஜனவரி. புத்தகக் காட்சி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயின்ட் ஜார்ஜ் பள்ளி மைதானத்துக்கு மாறியிருந்தது. அப்பா அப்போது இல்லை. அன்று மாலை அசோகமித்திரன் வருவார் என்று ஒரு நண்பர் சொன்னதும் அப்பாவின் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அகாதெமி விருது வாங்கியவர், கூட்டம் முண்டியடிக்கும் என்று நினைத்துத்தான் போனேன். நாலு கடை தள்ளி ஒரு சமையல் புத்தகத்துக்கு நல்ல கூட்டம். இவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குத்தான் மனசு கனத்தது. அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை, வேடிக்கை பார்க்கிற குழந்தையின் ஆர்வம்தான் இருந்தது.

புத்தகத்தை நீட்டினேன். உடனே கையெழுத்துப் போடவில்லை. பிரிந்துபோன தையலைத் தடவிப் பார்த்தார், பக்கங்களைப் புரட்டினார். பென்சில் அடிக்கோடுகளைக் கண்டதும், போட்டது யார் என்று கேட்டார். அப்பா என்றேன், இப்போது இல்லை என்றும் சொன்னேன். பதில் எதுவும் சொல்லாமல் அந்த அடிக்கோடுகளையே நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம்தான் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, வீடு எந்தப் பக்கம், இந்த நேரத்தில் பஸ் கிடைக்குமா என்று விசாரித்தார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது 'எலி' கதை ஞாபகம் வந்தது. பொறியில் மாட்டிய எலி அந்த வடையைத் தின்னவே இல்லையே என்று துக்கப்படுகிற மனிதரைப் பற்றிய கதை. அதை எழுதியவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்காமல் வேறு என்ன கேட்பார் என்று தோன்றியது.

2017 மார்ச் 23 அன்று அவர் போய்விட்டார் என்று செய்தி வந்ததும் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே அவர் தேதி போட்டிருக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து நான்தான் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.

தி.நகரில் இருந்த காலத்தில் அவரை அன்றாடம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கேட்க ஆசையாக இருக்கிறது.