டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறவர் நிறை குறைக்கச் சாப்பாட்டை எப்படி அமைக்கிறது?

சம்மாந்துறை_வயல்
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நானாவுக்கு வயசு 46, உயரம் 170 செ.மீ., நிறை 96 கிலோ, இடுப்புச் சுற்று 112 செ.மீ. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியில வந்த கட்டிக்குச் சத்திரசிகிச்சை செஞ்ச பிறகு டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது நிண்டு போச்சு. இப்ப டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோவேட் 1000 மி.கி. ஊசி, 12 கிழமைக்கு ஒருக்கா. சீனி வருத்தத்துக்கு மெட்போமினும் கிளிக்லசைடும். கடைசிச் சோதனையில ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில சிவப்பணுக்களின்ட பங்கு) 51%.

ஊசி தொடங்கினா நிறை இறங்கும் எண்டாங்க. ரெண்டு கிலோ ஏறித்தான் இருக்கு. சோத்தை முழுசா விடச் சொல்றாங்க சில பேர், ஊசியைக் கிட்டக் கிட்டப் போடச் சொல்றாங்க வேற சில பேர். எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், அதை நம்மட ஊர்ச் சாப்பாட்டில எப்படி எடுக்கிறது? நோன்பும் கிட்ட வருது.

பாடுமீன்72
முதல்ல தராசை நம்புறத விடுங்க தம்பி. இந்த ஊசி தொடங்கின புதுசில உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், தசையும் கொஞ்சம் ஏறும். அந்த ரெண்டு கிலோ கொழுப்பு எண்டு சொல்ல ஏலா. 2016ல வந்த அவுஸ்திரேலிய ஆய்வொண்டில 100 பருமனான ஆண்களுக்கு முதல் 10 கிழமை கடுமையான குறைகலோரி உணவு குடுத்து, மொத்தம் 56 கிழமை பாத்தாங்க. பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன், மற்றவங்களுக்கு மருந்தில்லாத ஊசி. குறைஞ்ச நிறை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஆனா மருந்து போட்டவங்களுக்குக் கொழுப்பு ஏறக்குறைய 3 கிலோ கூடக் கரைஞ்சது, தசை 3 கிலோவுக்கு மேல மிச்சப்பட்டது. நிறையை இறக்கிறது சாப்பாடு. இறங்கிற நிறை எதில இருந்து போகுது எண்டதைத்தான் ஊசி மாத்துது. அதால கிழமைக்கு ஒருக்கா, காலமை வெறுவயித்தில, தொப்புள் மட்டத்தில டேப் வச்சு அளந்து எழுதுங்க. தெற்காசிய ஆம்பிளைகளுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குக் கீழ வர வேணும்.

கணக்கு இப்படி: இந்த வயசு, உயரம், நிறைக்கு படுத்திருந்தாலே ஏறக்குறைய 1800 கலோரி செலவாகும். நடமாட்டம் குறைஞ்ச ஆளுக்கு அது 2400 கிட்ட வரும். 500 கழிச்சு 1900ல நிண்டாக் காணும், கிழமைக்கு அரைக் கிலோ போகும். 1200க்கு இறக்கினா தசைதான் போகும், பிறகு ஊசி எதுக்கு?

புரதத்தை 96 கிலோவுக்குக் கணக்குப் போடாதீங்க. போய்ச் சேர நினைக்கிற 80 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.2 இலிருந்து 1.6 கிராம் வரை பாருங்க. நாளுக்கு 110 கிராம் அளவு. சிறுநீரகச் சோதனை சரியா இருந்தா மட்டும் இது.

காலமை அவிச்ச முட்டை ரெண்டு (13 கிராம்), அவிச்ச பயறு ஒரு கோப்பை (14). மத்தியானம் சமைச்ச சிவப்பரிசிச் சோறு 200 கிராம், மீன் 150 கிராம் (33), கெட்டிப் பருப்பு 100 கிராம் (8), ஒரு சுண்டல். ராவைக்கு தோல் எடுத்த கோழி 110 கிராம் (33), சோறு 150 கிராம், மரக்கறி. சோத்தில இருந்தே 8, 9 கிராம் வந்திரும். சூடை, கீரி, சூரை, பாரை எது மலிவா வருதோ அது. பொரிக்காம ஆணமா, இல்லாட்டி சுட்டு எடுங்க.

எங்கட பக்கம் ஆளைக் கவிழ்க்கிறது சோறில்ல, தேங்காய். துருவின தேங்காய் 100 கிராம் 350 கலோரி. பிட்டுக்குள்ள ஒரு பிடி, சொதியில பால், சம்பலில ஒரு பிடி எண்டு ஒரு நேரத்திலேயே அந்த 100 கிராம் போயிரும். ஆருக்கும் அது கணக்கில வராது. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120. பிட்டை விடத் தேவையில்ல. தேங்காயைப் பாதியாக்கி, சொதிக்குப் பதிலா மீன் ஆணத்தோட தின்னட்டும்.

வெயிட்_றூம்
சோறு, பிட்டு எல்லாம் நிப்பாட்டி முட்டை, இறைச்சி மட்டும் சாப்பிட்டா பத்து நாளில 4 கிலோ போகும். ஊசியையும் 8 கிழமைக்கு ஒருக்காப் போட்டா இன்னும் வேகம்.

குளிசைப்பெட்டி
@வெயிட்_றூம் அந்த 4 கிலோவில பெரும்பங்கு தண்ணி. மாச்சத்தை நிப்பாட்டினா தசையிலயும் ஈரலிலயும் இருக்கிற கிளைக்கோஜன் (சேத்து வச்ச மாச்சத்து) தீரும், அதோட கட்டி இருந்த தண்ணியும் போகும். இவருக்கு ஹீமட்டோகிரிட் ஏற்கனவே 51. ரத்தம் இன்னும் தடிச்சுக் காட்டும். 54 தாண்டினா ஊசியையே நிப்பாட்ட வேண்டி வரும். டி4டிஎம் எண்ட பெரிய ஆய்வில (1007 பேர், 2021) இதே அண்டெகனோவேட் போட்டவங்களில 22 சதவீதம் பேருக்கு 54ஐ எட்டினது. அது எப்பவாவது ஒருக்கா நடக்கிற காரியமில்ல.

ஊசியைக் கிட்டக் கிட்டப் போடுற கதையும் வேணாம். கொழுப்புத் திசுவில அரோமட்டேஸ் எண்ட நொதியம் இருக்கு, கூடுற டெஸ்டோஸ்டிரோனில ஒரு பங்கை அது எஸ்ட்ரடயோல் எண்ட பெண் ஹோர்மோனா மாத்தும். மார்புத் திசு நோகும், தண்ணி பிடிக்கும். இடைவெளியை மாத்துறது சோதனையைப் பாத்து டொக்டர் செய்யிற வேலை. ரத்தம் எடுக்கிறது அடுத்த ஊசிக்குச் சற்று முதல், காலமையில. முதல் நாள் தண்ணியை வழமை போலக் குடிக்க வேணும். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில காய்ஞ்சு போய் ரத்தம் குடுத்தா எண் பொய்யா ஏறும். சிகரெட், குறட்டையோட மூச்சு நிக்கிற வருத்தம் ரெண்டும் இருந்தா அதையும் பாருங்க, ரெண்டுமே ஹீமட்டோகிரிட்டை ஏத்தும்.

அடுத்தது கிளிக்லசைட். சாப்பாடு குறைய, இடுப்பு இறங்க, ஊசியும் சேர இன்சுலின் நல்லா வேலை செய்யத் தொடங்கும். குளிசை பழைய அளவிலேயே இருந்தா சீனி விழும். மெட்போமின் தனிய இதைச் செய்யாது. டயட் தொடங்க முதலே கிளினிக்கில சொல்லி அளவைக் குறைக்கிறதைப் பத்திக் கேளுங்க. குளுக்கோமீட்டர் வீட்டில இருக்க வேணும்.

நீங்க எழுதாத ஒண்டு: பிட்யூட்டரிச் சத்திரசிகிச்சை எண்டா ஹைட்ரோகோர்டிசோனும் (கோர்டிசோல் ஹோர்மோனுக்குப் பதிலாக் குடுக்கிற குளிசை) தைரொக்சினும் (தைரொயிட் ஹோர்மோன்) போடுறாரா?

சம்மாந்துறை_வயல்
ஓம், ரெண்டும் போடுறார். ஹைட்ரோகோர்டிசோன் காலமை, மத்தியானம், பின்னேரம் எண்டு மூண்டு நேரம். நிறைக்கும் அதுக்கும் தொடர்பிருக்கா? நோன்பு பிடிக்கலாமா? மற்றது, தயிர் இல்லாம அவருக்குச் சோறு இறங்காது.

குளிசைப்பெட்டி
தொடர்பிருக்கு. ஹைட்ரோகோர்டிசோன் தேவைக்கு மேல போனா வயித்தில கொழுப்பு சேரும், பசியும் கூடும். தைரொக்சின் காணாட்டியும் நிறை இறங்காது. இவருக்கு டிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கிற ஹோர்மோன்) பாத்துப் பயனில்ல, பிட்யூட்டரி பழுதானா அந்த எண் நம்பத்தக்கதில்ல. ஃப்ரீ டி4 (ரத்தத்தில இருக்கிற தைரொக்சின் அளவு) பாக்கச் சொல்லுங்க. ஆனா நிறைக்காக எண்டு ஹைட்ரோகோர்டிசோனை ஒரு நேரமும் சொந்தமாக் குறைக்கவோ விடவோ கூடாது, உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் வந்தா இரட்டிப்பு அளவு. சத்தியெடுத்துக் குளிசை நிக்காட்டி நேரா ஆசுபத்திரி, அங்க ஊசியாப் போட வேணும்.

நோன்பு: பகல் குளிசையை விட ஏலாத ஆள், அதோட கிளிக்லசைட். இது கூடின ஆபத்து வகை. பிடிக்க வேணாம் எண்டுதான் பெரும்பாலும் சொல்லுவாங்க, மார்க்கத்திலயும் நோயாளிக்குச் சலுகை இருக்கு. டொக்டர் மருந்தை மாத்தித் தந்து சம்மதிச்சா மட்டும் பாருங்க. அப்பவும் பகலில சீனி 70க்குக் கீழ போனாலோ 300க்கு மேல ஏறினாலோ அந்த இடத்திலேயே நோன்பைத் திறக்க வேணும். மயக்கம், வாந்தி வந்தாலும் அப்படித்தான்.

பாடுமீன்72
தயிருக்குத் தடையில்ல. எருமைத் தயிர் 100 கிராம் 100 கலோரிக்குக் கொஞ்சம் மேல, புரதமும் இருக்கு. 150 கிராமை அளந்து எடுத்து வையுங்க, சட்டியை மேசையில வைக்காதீங்க. அதுக்கு மேல ஊத்துற பாணிதான் கரைச்சல், ஒரு மேசைக்கரண்டி 60 கலோரி, ஒண்டோட ஆரும் நிறுத்திறதுமில்ல. கருவாட்டையும் கொஞ்ச நாளைக்குக் குறைங்க, அந்த உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும், பிரஷரையும் ஏத்தும்.

உடற்பயிற்சியை ஆரும் சொல்லல்ல. நடை மட்டும் போதாது. கிழமைக்கு மூண்டு தரம் கதிரையில இருந்து எழும்பி இருக்கிறது, சுவரில தள்ளுறது, 5 லீற்றர் தண்ணிக் கான் தூக்கிறது, ஒவ்வொண்டும் 10, 12 தரம், மூண்டு சுற்று. லேசாப் போனா கானைப் பெருசாக்குங்க. வயல் வேலை செய்யிறவர் எண்டா விதைப்பு, வெட்டுக் காலத்தில 1900ஐ 2200 ஆக்கிக் குடுங்க, கிளிக்லசைட் போட்டுக்கொண்டு வெயிலில வேலை செய்யக்க சீனி விழுறது அப்பதான். பொக்கற்றில நாலு குளுக்கோஸ் குளிசை கிடக்கட்டும்.