புதுப்பிப்பு: விடுதியா, வெளியே அறையா? மூன்று மாதங்களுக்குப் பிறகு

மலேசியாவின் பினாங்கில் ஆங்கிலம் படிக்க வருகிறேன், வளாக விடுதியில் தங்கலாமா, நம் ஊர்ப் பிள்ளைகளோடு வெளியே அறை எடுக்கலாமா என்று ஜூலையில் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் விடுதி என்றீர்கள். அப்படியே செய்தேன். நீங்கள் சொன்னது சரிதான்.

அறைத்தோழி இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்தவள். எங்களுக்குப் பொதுவான மொழி ஆங்கிலம் மட்டுமே. துணி காயப்போடுவதிலிருந்து அம்மாவை நினைத்து அழுவது வரை எல்லாம் அதில்தான். முதல் மாதம் மாலையானால் தலைவலிக்கும். சென்ற வாரம் மின்விசிறிக்காக அவளோடு சண்டையே போட்டேன், ஒரு சொல்லுக்கும் திணறாமல்! வகுப்பு இதைக் கற்றுத் தந்திருக்காது.

இங்குள்ளவர்களின் பேச்சு ஆங்கிலம் வேறு. 'கேன் லா' என்றால் 'சரி, முடியும்' என்று பொருள். கேட்க இனிமைதான், ஆனால் தேர்வுக் கட்டுரையில் அந்த நடை எட்டிப்பார்த்துவிடுகிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதுபவர்கள், எழுத்துத் தேர்வின் இரண்டாவது பகுதியான கட்டுரையில் கவனம் வையுங்கள். குறைந்தது 250 சொற்கள், முதல் பகுதியைவிட இரு மடங்கு மதிப்பு.

தமிழ் மறந்துவிடுமோ என்று பயந்தேன். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா போகிறேன். 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாடு. பரிமாறும் அக்கா "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா, தங்கச்சி?" என்று கேட்கும்போது வயிறும் மனமும் நிறைகின்றன.

அடுத்த பருவத்துக்கும் விடுதியிலேயே இடம் கேட்டுவிட்டேன்.