50 மிமீ எஃப் 1.4 லென்ஸ்: எஃப் 2-இல் ஏன் கண் தெளிவாக வரவில்லை?

தோட்டத்துக் கேமரா, சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரவு ஊர்வலத்தைப் படம் எடுக்க வேண்டும். கரகம் எடுத்து வருகிறவர்களின் கண்ணில் ஃபிளாஷ் அடிக்க எனக்கு மனமில்லை. என்னிடம் 50 மிமீ எஃப் 1.4 லென்ஸ் இருக்கிறது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும், வெளிச்சம் கூடும்). நண்பரின் எஃப் 1.8 லென்ஸை வாங்கி வந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர், ஆட்டோஃபோகஸ், ஒரு மீட்டர் தூரத்தில் தங்கையின் முகம்.

எஃப் 1.4-இல் இமைமுடி தெரிகிறது, ஆனால் மேலே பனி படர்ந்த மாதிரி இருக்கிறது. விளக்கு ஓரங்களில் ஊதா நிறம். எஃப் 2-இல் பனி போய்விட்டது. ஆனால் கண்ணைவிடக் காதோர முடிதான் கூர்மை! எஃப் 5.6-இல் எல்லாம் சரி. 1.8 லென்ஸில் இந்தத் தொல்லை குறைவு. என் லென்ஸ் கெட்டுவிட்டதா?

கல்யாணக் கேமரா, ஈப்போ

தம்பி, கெட்டுப்போன மாதிரி தெரியவில்லை. அந்தப் பனிக்குக் காரணம் கோளப் பிறழ்ச்சி. கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் ஒளியும் நடுவில் வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. துளையைச் சுருக்கினால் ஓரத்து ஒளி வெட்டுப்பட்டுப் படம் தெளியும். ஆனால் கூர்மை விழும் இடமும் சற்றுப் பின்னால் நகரும். டிஎஸ்எல்ஆர் துளையை முழுதாகத் திறந்து வைத்து ஃபோகஸ் பார்க்கும். படம் எடுக்கும் நொடியில்தான் சுருக்கும். அதனால் இந்த நகர்வு அதற்குத் தெரியாது. எஃப் 5.6-இலும் நகர்வு உண்டு, கூர்மையின் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) கூடுவதால் மறைந்துவிடுகிறது.

மேசையில் மீட்டர் டேப்பைச் சாய்வாக வையுங்கள். கேமரா முக்காலியில் இருக்கட்டும். எஃப் 1.4-இல் ஒரு குறியில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றுங்கள். வளையத்தைத் தொடாமல் 1.4, 2, 2.8, 4 என்று எடுத்துப் பாருங்கள்.

தோட்டத்துக் கேமரா

அண்ணே, நீங்கள் சொன்னபடியேதான். துளை சுருங்கச் சுருங்கக் கூர்மையான குறி பின்னால் போகிறது. கேமராவில் ஃபோகஸ் திருத்தும் மெனு இருக்கிறது, அதில் சரிசெய்யலாமா?

செம்பனைக்காரி, கூலிம்

செய்யலாம், ஆனால் அந்தத் திருத்தம் ஒரு துளை அளவுக்குத்தான் சரியாகப் பொருந்தும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எஃப் 2-க்குத் திருத்துவேன். 1.4-இலிருந்து 2-க்கு வந்தால் வெளிச்சம் பாதியாகும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 இருந்தது 3200 ஆகும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையின் ஆழம் சுமார் 13 செ.மீ.யிலிருந்து 19 செ.மீ. ஆகிறது. ஆடி வருகிறவரின் முகத்துக்கு அந்த இடைவெளி ரொம்ப முக்கியம். 1.8 லென்ஸ் வாங்கத் தேவையில்லை. எஃப் 2-இல் அது கிட்டத்தட்ட முழுதாகத் திறந்திருக்கும், உங்களுடையது ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) சுருங்கியிருக்கும். அதனால் பொதுவாகப் படத்தின் மூலைகள் உங்களுடையதில்தான் குறைவாக இருளும்.

அப்புறம் ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பந்தல் டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 நொடியில் வையுங்கள். அதைவிட வேகமாக்கினால் படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறலாம்.