தங்குகடலில் கூடவே வரும் ஓங்கில் (டால்பின்): அதே கூட்டம்தானா?

சின்னத்துறைப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் முதல்முறையாக மாமாவின் விசைப்படகில் தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போனேன், தேங்காய்ப்பட்டணத்தில் ஏறி 26 நாள் கழித்துத்தான் கரையைப் பார்த்தேன். முதல் நாலு நாள் வாந்தி. அஞ்சாம் நாள் விடியற்காலையில் தேயிலை போட எழுந்தபோது ‘புஸ்’ என்று சத்தம் கேட்டு படகின் முன்முனையான அணியத்துக்குப் போய்க் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தால், கை நீட்டினால் தொடலாம் போல ஆறேழு ஓங்கில். மூச்சு விட்ட தூவானம் முகத்தில் அடித்தது, மீன் வாடை. ஒன்று ஒருக்களித்து நீந்திக்கொண்டே என் கண்ணையே பார்த்தது. அதன் முதுகுத் துடுப்பின் பின்பக்கத்தில் நகவெட்டியால் வெட்டியது போல இரண்டு பள்ளம். மூன்று நாள் கழித்து அதே பள்ளம் உள்ள துடுப்பை மறுபடி பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். மாமாவோ “எல்லா ஓங்கிலும் ஒண்ணுபோலத்தாம்ல இருக்கும்” என்கிறார். அதே கூட்டம் பின்னாலேயே வருமா? ஏன் அணியத்துக்கே வருகிறது? காலையில் துள்ளியது மத்தியானம் சோர்ந்து கிடக்கிறதே, சீக்கா? மீன்பிடித் தடை ஜூலை 31-இல் முடிகிறது, மறுபடி போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

வள்ளவிளை கடலோடி:
மக்கா, அணியம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது முன்னால் ஒரு அழுத்தம் உண்டாகும், அதில் ஏறிக்கொண்டால் வாலை அசைக்காமலே போகலாம், அதனால்தான் வருகிறது. எஞ்சினைக் கூட்டவும் வேண்டாம், சட்டென்று குறைக்கவும் வேண்டாம், ஒரே ஓட்டத்தில் போனால் அதுவாகவே நிற்கும். மீனை எறிந்து பழக்காதே. ராத்திரி எஞ்சினை நிறுத்திப் போட்டிருக்கும்போது கீழ்த்தட்டில் பலகையோடு காதை வைத்துப் படு, கீச்சுக்கீச்சென்று பேசுவது கேட்கும். முப்பது வருசம் கடலுக்குப் போனேன், அந்தச் சத்தம் கேட்டுத் தூங்கின ராத்திரிகளைத்தான் இப்போது கரையில் கிடந்து நினைக்கிறேன். அப்புறம், பறவை கூட்டமாக இறங்கி, அடியில் ஓங்கிலும் துள்ளினால் சூரை மீன் இருக்கும் என்று பார்ப்போம்.

நாகர்கோவில் விலங்கியல் மாணவி:
நீங்கள் பார்த்தது சரியாக இருக்கலாம், மாமாவிடம் சொல்லுங்கள். துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டு, பள்ளம், தழும்பு இவற்றை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்களும் ஒவ்வொரு ஓங்கிலையும் அடையாளம் காண்கிறார்கள். துடுப்பு பக்கவாட்டில் முழுசாகத் தெரியும்போது போட்டோ எடுங்கள், முன்னாலிருந்து எடுத்தால் பள்ளம் தெரியாது. மறுபடி ஒரு தடவை பார்த்ததை வைத்துக் கூட்டமே பின்னால் வந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

மூக்கு ஒல்லியாக நீண்டு, மேலே எழும்பிப் பம்பரம் போல உடம்பைச் சுற்றி விழுந்தால் அது சுழலும் ஓங்கில். முதுகு கருப்பு, பக்கம் சாம்பல், வயிறு வெள்ளை என்று மூன்று பட்டையாக இருக்கும். ராத்திரி ஆழத்திலிருந்து மேலே வரும் சின்ன மீனையும் கணவாயையும் தின்றுவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கும், சீக்கு இல்லை. தூங்கும்போதும் மூளையில் ஒரு பாதி விழித்திருக்கும், மூச்சு விட மேலே வந்தாக வேண்டுமே. அப்படிச் சோர்ந்து மெதுவாகப் போகிற கூட்டத்தின் நடுவே தயவுசெய்து படகை விடாதீர்கள், குட்டி தாயை ஒட்டிக்கொண்டே வரும், பிரிந்துவிடக் கூடாது.

ஆயிரங்கால் தூண்டில்:
பார்க்க அழகுதான், ஆனால் எங்கள் பாடும் கேளுங்கள். நீளத் தூண்டிலை இழுக்கும்போது சூரையின் தலை மட்டும் தூண்டிலில் தொங்கும், உடம்பு முழுசும் போயிருக்கும். சுறா கடித்தால் பிறை மாதிரி ஒரு துண்டுதான் போகும், தலையை மட்டும் விட்டுவைப்பது ஓங்கில் குடும்பத்துப் பெரிய கருப்பன்கள். ஒரு ராத்திரியில் டீசல் காசும் ஐஸ் காசும் போச்சு. கோபம் வரும், ஆனாலும் கைவைத்ததில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அந்த இடத்தை விட்டு எட்டிப் போய்த் தூண்டில் போடுவோம், வேறு வழி தெரியவில்லை.

சின்னத்துறைப் பையன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. வலையில் மாட்டினால் என்ன செய்வது? எங்கள் படகில் நடக்கவில்லை, பக்கத்துப் படகில் ஒன்று செத்தே வந்தது, அதைப் பார்த்தபிறகு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வள்ளவிளை கடலோடி:
மூச்சு முட்டித்தான் சாகும் மக்கா, மீன் மாதிரி செவுள் இல்லையே. உயிரோடு இருந்தால் முதலில் தலையை, மேலே உள்ள மூச்சுத்துளையை, தண்ணீருக்கு மேலே பிடி. வாலில் கயிறு கட்டி இழுத்தால் முதுகெலும்பு போய்விடும். வலையை அறுத்துவிடு. இரண்டு முழம் வலையைக் கரையில் கோத்துக்கொள்ளலாம். நான் ஒரு தடவை குட்டி ஒன்றை அப்படி விட்டேன், தாய் படகைச் சுற்றிச் சுற்றியே வந்துகொண்டிருந்தது, குட்டி போய்ச் சேர்ந்ததும் இரண்டும் சேர்ந்து ஒரே மூச்சு விட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பார்ப்பதை எழுதி வை: தேதி, நேரம், ஜிபிஎஸ் எண், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம், எத்தனை, குட்டி உண்டா என்று. பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஊறிவிடும், பென்சில் வாங்கிக்கொள், நோட்டை இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டுத் தலைமாட்டில் வை.